கண் திறந்த பூனைக்குட்டிகளின் உடலில் தெள்ளுப்பூச்சி: என்ன செய்யலாம்?

கேள்வி: பின்கட்டு

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டோடு ஒட்டிக்கொண்டுவிட்ட தெருப்பூனை ஒன்று, பின்கட்டில் பழைய துணிகளைப் போட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டிக்குள் நான்கு குட்டிகளை ஈன்றிருக்கிறது. குட்டிகளுக்கு இப்போதுதான் கண் திறந்திருக்கிறது. கால் ஊன்றி நிற்கத் தெரியவில்லை. வயிற்றால் ஊர்ந்தே தாயிடம் போய்ச் சேருகின்றன. தாய் நன்றாகச் சாப்பிடுகிறது, பாலும் கொடுக்கிறது.

ஐப்பசி மழையில் பெட்டியின் அடிப்பக்கம் ஈரம் தட்டியிருந்ததால், துணியை மாற்றுவதற்காகக் குட்டிகளைக் கையில் எடுத்தேன். அப்போது வயிற்றுப் பக்கத்து மெல்லிய மயிருக்கிடையே செம்பழுப்பு நிறத்தில் பூச்சிகள் ஓடுவதைப் பார்த்தேன். அவை உண்ணியைப் போல ஓரிடத்தில் பற்றிக்கொண்டு நிற்கவில்லை. விரலை வைத்ததும் துள்ளி மறைந்துவிடுகின்றன. வாலடியிலும் காதுக்குப் பின்னாலும் மிளகுத்தூளைத் தூவியதுபோல் கருந்துகள்கள் இருக்கின்றன. நான்கில் மிகச் சிறியதான சாம்பல் நிறக் குட்டி, மற்றவை பால் குடித்து உறங்கிய பின்னும் கத்திக்கொண்டே இருக்கிறது.

செல்லப்பிராணிப் பொருள்கள் விற்கும் கடையில் கேட்டதற்கு, நாய்களின் கழுத்தில் விடும் சொட்டு மருந்திலேயே ஒரு துளி மட்டும் விட்டால் போதும் என்றார்கள். என் மாமியார் வேப்பெண்ணெய் தடவலாம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், மாட்டு உண்ணிக்காக வாங்கி வைத்திருக்கும் மருந்தைத் தண்ணீரில் கலந்து துடைத்துவிடச் சொல்கிறார். இவற்றில் எது பாதுகாப்பானது? பெட்டியில் முன்பு துணிகளுக்காக அந்துருண்டை போட்டிருந்தேன். அது கிடந்துமா இத்தனை பூச்சிகள் வந்தன என்றும் வியப்பாக இருக்கிறது. வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் அந்தக் கவலையும் உண்டு. அனுபவம் உள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

பதில்: சாம்பல்வால்

வணக்கம் சகோதரி. நான் ஒரு கால்நடை மருத்துவமனையில் உதவியாளராகப் பணியாற்றுகிறேன். தாயை இழந்த குட்டிகளை வீட்டில் வைத்து வளர்த்தும் வருகிறேன். நீங்கள் சொல்லும் அடையாளங்களைப் பார்த்தால் இது தெள்ளுப்பூச்சிதான். அந்தக் கருந்துகள்கள் பூச்சியின் கழிவு. அதாவது குட்டியின் உடலிலிருந்து உறிஞ்சப்பட்டுக் காய்ந்துபோன இரத்தம். நனைத்த வெள்ளைப் பஞ்சில் அவற்றை ஒற்றி எடுங்கள். சிறிது நேரத்தில் துகளைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால் ஐயத்துக்கே இடமில்லை.

உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று யோசனைகளையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நாய்களுக்கான சொட்டு மருந்துகள் பலவற்றில் பெர்மெத்ரின் என்னும் பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாயின் கல்லீரல் அதை எளிதில் முறித்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. வளர்ந்த பூனைக்கே நடுக்கமும் வலிப்பும் வந்து உயிர் போகக்கூடும் என்னும்போது, உள்ளங்கையில் அடங்கும் குட்டிக்கு "ஒரு துளி மட்டும்" என்பது எந்தப் பாதுகாப்பும் ஆகாது. மாட்டு உண்ணிக்கான மருந்துகளில் பெரும்பாலும் டெல்டாமெத்ரினோ அமிட்ராஸோ இருக்கும். அவையும் பூனைக்கு நஞ்சே. வேப்பெண்ணெய் நம் வீடுகளில் நல்ல பொருள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி. குட்டியின் மேல் தடவியது தாயின் வயிற்றுக்குள்ளும், தாயின் மேல் தடவியது பால் குடிக்கும் குட்டிகளின் வாய்க்குள்ளும் போய்விடும். தேயிலை மர எண்ணெய், யூகலிப்டஸ் தைலம், கற்பூரம், மண்ணெண்ணெய் ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

அந்துருண்டையை உடனே அகற்றுங்கள். அது கிடந்த துணியையும் மாற்றிவிடுங்கள். அதிலுள்ள நாஃப்தலீன் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கக்கூடியது. பூச்சியால் ஏற்கெனவே இரத்தம் இழக்கும் குட்டிகள் அந்த ஆவியைச் சுவாசித்துக்கொண்டு கிடக்கக் கூடாது.

இரத்த இழப்பைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 200 கிராம் எடையுள்ள குட்டியின் உடலில் மொத்த இரத்தமே ஏறத்தாழ 12 மில்லிதான். பெண் தெள்ளுப்பூச்சி ஒரு நாளில் தன் எடையைப் போல் 15 மடங்கு இரத்தம் குடிக்க வல்லது. எழுபது பூச்சிகள் சேர்ந்தால் நாளொன்றுக்கு 1 மில்லி போய்விடும். வளர்ந்த பூனைக்கு வெறும் அரிப்பாக இருக்கும் பூச்சி, குட்டிக்கு உயிர்ச்சேதம் ஆவது இதனால்தான். ஆகவே இப்போதே ஒவ்வொரு குட்டியின் மேலுதட்டையும் மெல்ல உயர்த்தி ஈறின் நிறத்தைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருந்தால் வீட்டிலேயே தொடரலாம். வெளிறியோ வெள்ளையாகவோ இருந்தால், உடம்பு குளிர்ந்திருந்தால், பால் குடிக்கும் வலுவில்லாமல் துவண்டிருந்தால், விடியும்வரைகூடக் காத்திருக்காதீர்கள்.

இந்த வயதில் குட்டிக்கு உகந்த கருவி சீப்புதான். நெருக்கமான பல் கொண்ட பேன்சீப்பு வீட்டில் இருந்தால் அதுவே போதும். உலோகச் சீப்பாக இருந்தால் இன்னும் நல்லது. அகலமான கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரும் பாத்திரம் துலக்கும் திரவம் சில துளிகளும் கலந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குட்டியை மட்டும் துண்டில் சுற்றி மடியில் வைத்து, தலையிலிருந்து வாலை நோக்கி, மயிர் படியும் திசையிலேயே மெல்லச் சீவுங்கள். தாடைக்குக் கீழும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வாலடியிலும் பூச்சிகள் அதிகம் ஒளிந்திருக்கும். ஒவ்வொரு முறை சீவியதும் சீப்பைச் சோப்பு நீரில் முக்குங்கள். வெறும் நீரில் போட்டால் பூச்சி மேலே மிதந்து மீண்டும் துள்ளிவிடும். சோப்பு கலந்த நீரில் மூழ்கி இறக்கும். விரல் நகத்தால் நசுக்க முயல வேண்டாம். அதன் உடம்பு தட்டையாகவும் கடினமாகவும் இருப்பதால் பெரும்பாலும் தப்பிவிடும்.

சீப்புக்கு அடங்காத அளவுக்குப் பூச்சிகள் இருந்தால் மட்டுமே குளிப்பாட்ட வேண்டும். அதுவும் குட்டி தெம்பாக இருந்தால்தான். முழங்கையில் விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும் நீரே சரியான பதம். முதலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையமாக நுரையைப் பூசிவிடுங்கள். உடம்பு நனைந்ததும் பூச்சிகள் முகத்தை நோக்கி ஓடும், அந்த வளையம் அவற்றைத் தடுக்கும். தலையில் நீர் ஊற்றாதீர்கள். முகத்தைச் சீப்பாலும் ஈரத்துணியாலும் மட்டும் சுத்தம் செய்யுங்கள். சில நிமிடங்களில் முடித்து, சோப்பு மிச்சமில்லாமல் அலசி, துண்டால் ஒற்றி, மயிர் வேர் வரை காயும்படி கதகதப்பில் வைத்திருங்கள். மூன்று நான்கு வாரம் ஆகும்வரை குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள இயலாது. ஈரத்தோடு பெட்டியில் விட்ட குட்டியைப் பூச்சிக்கு முன்பே குளிர் கொன்றுவிடும்.

பதில்: வடமராட்சி

அக்கா, சாம்பல்வால் எழுதியவற்றோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். எங்கள் வீட்டிலும் பூனைகள் உண்டு. மாரிகாலத்தில் இந்தப் பூச்சி எங்களைப் படுத்தும் பாடு அதிகம். குட்டியைச் சீவி முடித்துப் பழைய பெட்டியிலேயே திரும்ப வைத்தால் மறுநாளே பூச்சி ஏறிவிடும். ஏனென்றால் நீங்கள் குட்டியின் மேல் காண்பது மொத்தத்தில் மிகச் சிறு பங்குதான். மீதி முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் படுக்கையிலும் தரையிலும் கிடக்கிறது.

பெண் பூச்சி இரத்தம் குடித்த இரண்டு நாளுக்குள் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 40, 50 வரை இடும். முட்டை மயிரில் ஒட்டாது. பூனை படுக்கும் இடத்திலெல்லாம் உதிர்ந்து விழும். அதிலிருந்து வரும் புழு வெளிச்சத்துக்கு அஞ்சித் துணி மடிப்பிலும் பாயின் அடியிலும் தரை வெடிப்பிலும் புகுந்து, பெரிய பூச்சிகளின் காய்ந்த கழிவைத் தின்று வளரும். ஈரப்பதம் குறைந்தால் அந்தப் புழு செத்துவிடும். மாரிகாலத்தில் இது பெருகுவதற்கு அதுவே காரணம். கூட்டுப்புழு நிலைதான் மிகவும் தொல்லை தருவது. பிசுபிசுப்பான கூட்டுக்குள் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்து, அருகில் நடமாட்டத்தின் அதிர்வோ உடம்புச் சூடோ மூச்சுக் காற்றோ பட்டவுடன் வெளியே வரும். கூட்டை எந்த மருந்தும் எளிதில் துளைப்பதில்லை. எல்லாவற்றையும் செய்த பின்னும் இரண்டு மூன்று வாரத்துக்குப் புதிய பூச்சிகள் தென்பட்டால் மனம் தளர வேண்டாம். அவை முன்பே கூட்டில் இருந்தவை.

அந்த அட்டைப்பெட்டியை வெளியேற்றிவிட்டுப் புதிய பெட்டி ஒன்றை எடுங்கள். சாக்கு, தும்புக் கால்மிதி, பஞ்சு மெத்தை ஆகியவற்றை உள்ளே போடாதீர்கள். முட்டைகள் அவற்றின் இழைக்குள் இறங்கிவிட்டால் எடுக்கவே முடியாது. நைந்த பருத்தி வேட்டியோ பழைய சாரமோ (லுங்கியோ) போதும். அப்படி இரண்டு மூன்று துணிகள் இருந்தால் தினமும் ஒன்றை மாற்றி, எடுத்ததை உதறாமல் அப்படியே சுருட்டிக் கொதிநீரில் போடலாம். உதறினால் முட்டைகள் வீடெங்கும் சிதறும். வெயில் கிடைக்கும் நாளில் நன்றாகக் காய வையுங்கள். தாய் பகலில் படுக்கும் இடங்களையும் மறக்க வேண்டாம். எங்கள் வீட்டில் அது கட்டிலுக்கு அடியும் அரிசி மூட்டைக்குப் பின்புறமும்தான். மூலைமுடுக்கெல்லாம் கூட்டி, அந்தக் குப்பையைப் பையில் கட்டி உடனே வெளியேற்றுங்கள். குட்டிகள் இருக்கும் அறையில் பினாயிலும் டெட்டாலும் வேண்டாம். அந்த வகைக் கிருமிநாசினிகள் பூனைகளுக்கு ஒவ்வாதவை. சோப்பு நீரால் துடைத்துக் காயவிட்டாலே போதும்.

குழந்தையைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். இந்தப் பூச்சி மனித உடலில் குடியிருப்பதில்லை. கணுக்காலில் கடித்துவிட்டுப் போகும். ஆனாலும் பூச்சி தவறி வாய்க்குள் போனால் நாடாப்புழு தொற்றக்கூடும் என்பதால், தரை சுத்தமாகும்வரை குழந்தையைப் பின்கட்டில் தவழ விடாதீர்கள்.

பின்கட்டு எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. நீங்கள் சொன்னபடியே பெட்டியையும் துணியையும் மாற்றி, பேன்சீப்பால் நான்கையும் சீவினேன். கிண்ணத்து நீர் செந்நிறமாக மாறியதைப் பார்த்து மனம் பதறிவிட்டது. மூன்று குட்டிகளின் ஈறு இளஞ்சிவப்பாக இருக்கிறது. அந்தச் சாம்பல் நிறக் குட்டியின் ஈறு மட்டும் வெளிறியிருக்கிறது. பாதங்களும் சில்லென்று இருக்கின்றன. மற்றவை அதைத் தள்ளிவிட்டுக் குடிப்பதால் பால் போதவில்லை என்று தோன்றுகிறது. மருத்துவமனை திறக்கும்வரை பசும்பாலைத் தண்ணீர் கலந்து பஞ்சில் நனைத்துக் கொடுக்கலாமா?

பதில்: சாம்பல்வால்

சகோதரி, பால் கொடுப்பதற்கு முன் குட்டியின் உடம்பைச் சூடாக்குங்கள். குளிர்ந்த குட்டியின் வயிறும் குடலும் இயங்குவதில்லை. அப்போது கொடுக்கும் பால் செரிக்காமல் தங்கும், அல்லது மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். குட்டியை உங்கள் மார்போடு தோல் படும்படி துணிக்குள் அணைத்துக்கொள்ளுங்கள். ஒரு பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் தடித்த துண்டில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். சூடு மிகுந்தால் குட்டி விலகிப் போக மறுபக்கம் காலியாக இருக்க வேண்டும். முதல் வாரத்தில் படுக்கை 30 முதல் 32 டிகிரி செல்சியஸ் வரை இருக்க வேண்டும். உங்கள் குட்டிகளின் வயதுக்கு 27 முதல் 29 டிகிரி போதும். சூட்டை மெல்ல மெல்லவே ஏற்றுங்கள்.

பசும்பால் வேண்டாம். பூனைப்பாலில் உள்ள புரதத்தில் பாதிகூட அதில் இல்லை. தண்ணீர் கலந்தால் அதுவும் பாதியாகிவிடும். வயிற்றுப்போக்கு வந்தால் இந்த நிலையில் குட்டி தாங்காது. பஞ்சில் நனைத்துப் பிழியும் முறையும் ஆபத்தானது. உடம்பு சூடேறியதும், மற்ற மூன்றையும் சிறிது நேரம் தனியே எடுத்துவிட்டு, இதனைத் தாயின் பின்காம்பில் பிடித்து வையுங்கள். பெரும்பாலும் அங்கேதான் பால் அதிகம் சுரக்கும். அதற்கும் வலுவில்லையென்றால் பூனைக்குட்டிகளுக்கான பால்மாவை வாங்கிக் கரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சால் துளித் துளியாகக் கொடுக்கலாம். அப்போது குட்டி தாயிடம் குடிப்பதைப் போலவே வயிறு கீழே படும்படி கவிழ்ந்திருக்க வேண்டும். கைக்குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்தால் பால் நுரையீரலுக்குள் போய்விடும்.

ஈறு வெளிறியிருப்பதால் இது வீட்டு வைத்தியத்தின் எல்லையைக் கடந்துவிட்டது. பூனைகளைப் பார்க்கும் மருத்துவர் யாராவது இரவில் கிடைப்பாரா என்று இப்போதே தொலைபேசியில் கேளுங்கள். இல்லாவிட்டால் காலையில் முதல் ஆளாகப் போய்விடுங்கள். தாயையும் நான்கு குட்டிகளையும் ஒரே கூடையில் கொண்டுபோவது நல்லது. எல்லாவற்றுக்கும் சேர்த்தே மருந்து முடிவு செய்ய வேண்டியிருக்கும். அந்துருண்டை கிடந்ததையும் மறக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பின்கட்டு எழுதியது:

காலையிலேயே அரசு கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மருத்துவர் அம்மா நான்கையும் எடை பார்த்தார். சாம்பல் குட்டி மற்றவற்றைவிட மிகவும் குறைவாக இருந்தது. அதற்குத் திரவமும் இரும்புச்சத்து மருந்தும் கொடுத்து, பால்மாவும் எழுதித் தந்தார். தாயின் கழுத்தில் பூனைகளுக்கான சொட்டு மருந்து விட்டிருக்கிறார். குட்டிகளுக்குச் சீப்பு மட்டும் போதும் என்றார். இப்போது சாம்பல் குட்டி தானே தேடிப் போய்ப் பால் குடிக்கிறது. ஆனால் பெட்டியை இடம் மாற்றியதிலிருந்து தாய், குட்டி போட்ட பூனை என்று சொல்வதற்கேற்ப ஓயாமல் அலைகிறது. ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு பரணுக்கு ஏறவும் பார்த்தது. இதற்கு என்ன செய்வது? குட்டிகளுக்கு எப்போது மருந்து விடலாம்?

பதில்: பால்கிண்ணம்

அம்மா, நல்ல செய்தி. தாய் பதற்றப்படுவது இயல்பே. பெட்டி புதியதாக இருக்கலாம். அதன் வாசம் பழகியதாக இருக்க வேண்டும். தாய் படுத்திருந்த துணி ஒன்றைக் கொதிநீரில் அலசிக் காய வைத்து, அதனால் தாயின் கன்னங்களைத் தடவிவிட்டுப் பெட்டிக்குள் விரியுங்கள். பெட்டியின் வாயைப் பாதி மூடி இருட்டாக்குங்கள். தாயின் உணவையும் தண்ணீரையும் அருகிலேயே வையுங்கள். சீவுவதற்கு மட்டும் குட்டிகளைத் தொடுங்கள். தாய் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் நேரம் அதற்கு ஏற்றது. மனிதக் கை பட்ட குட்டியைத் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையன்று. இடம் பாதுகாப்பில்லை என்று தோன்றினால்தான் தூக்கிச் செல்லும்.

தாய்க்கு விட்ட மருந்தின் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பாலூட்டும் பூனைக்குச் செலமெக்டின் கொடுக்கலாம் என்பதால் பல மருத்துவர்கள் அதையே தேர்ந்தெடுக்கிறார்கள். மாதம் ஒருமுறை தொடர வேண்டும். ஒரு முறையோடு நிறுத்தினால் கூட்டிலிருந்து வரும் அடுத்த தலைமுறை மீண்டும் தாய் மேல் ஏறிவிடும். குட்டிகளைப் பொறுத்தவரை, பூனைகளுக்கான சொட்டு மருந்துகளில் பெரும்பாலானவை 6 அல்லது 8 வாரத்துக்கு மேல்தான். தெள்ளுப்பூச்சிக்கான நைட்டென்பிரம் மாத்திரைக்கு 4 வாரம் என்று எழுதியிருந்தாலும் ஏறத்தாழ 1 கிலோ எடையும் வேண்டும். 4 வாரக் குட்டி அரைக் கிலோவைக்கூட எட்டியிருக்காது. எனவே வயதை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

சமையலறைத் தராசில் ஒவ்வொரு குட்டியையும் தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதி வாருங்கள். நாளுக்கு 10 முதல் 15 கிராம் வரை ஏற வேண்டும். ஒரு நாள் ஏறாமல் நின்றால் கவனியுங்கள். இறங்கினால் மருத்துவரிடம் போங்கள். சாம்பல் குட்டி இளைத்துப்போவதை ஈறு வெளிறுவதற்கு முன்பே அந்தத் தாள் காட்டிக்கொடுக்கும். அது தாயோடு சேராமல் தனியே கிடந்தால், பால் கொடுத்த பின் வெதுவெதுப்பான ஈரப்பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே மெல்ல வருடி, சிறுநீரும் மலமும் கழிக்கச் செய்யுங்கள். மூன்று வாரம் வரை குட்டிகளால் அதைத் தாமாகச் செய்ய முடியாது.

மூன்று வாரம் ஆனதும் உருளைப்புழு மருந்து கேளுங்கள். அந்தப் புழு தாய்ப்பால் வழியாகவே குட்டிக்கு வருகிறது. தெள்ளுப்பூச்சி இருந்த குட்டிகள் என்பதையும் அப்போது சொல்லுங்கள். நாடாப்புழுவுக்கு மருந்து வேறு. தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கும். வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி மூன்று மாதத்தில். தாயின் கருத்தடை அறுவையைத் தள்ளிப் போடாதீர்கள். பாலூட்டும்போதே மீண்டும் சினைப்படக்கூடிய பிராணி இது. 65 நாட்களுக்குள் அடுத்த ஈற்று வந்து நிற்கும். குட்டிகள் பால் மறந்ததும் அறுவைக்கு நாள் தருமாறு அதே மருத்துவர் அம்மாவிடம் இப்போதே கேட்டு வையுங்கள். அதுவரை தாயை இரவில் வெளியே விட வேண்டாம்.